தூக்கி வந்த பிறகு

கிணற்றில் விழுந்த நாயைக் கயிறு கட்டித் தூக்குகிறார்கள். மேலே வந்ததும் அது உடம்பை உதறிக்கொள்கிறது, சுற்றி நிற்பவர்கள் கைதட்டுகிறார்கள், வீடியோ முடிந்துவிடுகிறது. நாய் மீட்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிதான். மீட்புப் பணியில் இருப்பவர்களின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்கான காசை யாராவது கொடுக்க வேண்டும். குணமாகும்வரை வைத்திருக்க இடம் வேண்டும். குணமான பிறகு எங்கே விடுவது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

சென்னை இந்தக் கேள்விகளோடு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி வருகிறது. கிண்டியை அடுத்த வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா 1959-இல் ஒரு வீட்டில்தான் தொடங்கியது. விமானியான கேப்டன் வி. சுந்தரம் மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானி. 1951-இல் இருவரும் ஒரு சிறிய விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்து பேர் வாங்கியவர்கள். குட்டிகளைத் தேடி அக்கம்பக்கத்தாரும் உறவினரும் வர, அது ஓர் அமைப்பாக வளர்ந்தது. பிற்காலத்தில் அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா.

அன்றைய மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. பல காலம் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். இத்தனை கொன்றும் நாய்கள் குறையவில்லை. காரணம் சிக்கலானதல்ல. குப்பைத்தொட்டியும் இறைச்சிக்கடைக் கழிவும் இருக்கும்வரை ஒரு தெருவில் தீனி இருக்கும். பத்து நாயைப் பிடித்துப் போனால் மீந்த நாய்கள் நன்றாகத் தின்று குட்டி போடும், பக்கத்துத் தெரு நாய்களும் வந்து சேரும். பெண் நாய் ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் இரண்டு மாதம்தான், ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள். பிடிப்பவர்களின் கை இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இதைப் பார்த்துத்தான் 1964-இல் புளூ கிராஸ் வேறு வழியைத் தொடங்கியது: பிடி, கருத்தடை செய், வெறிநாய்க்கடி (ரேபிஸ்) ஊசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டு கொல்வதை நிறுத்த 1996 வரை ஆனது. 2001-இல் மத்திய அரசு இந்த முறையையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது, 2023-இல் புதிய விதிகள் வந்தன. தெருநாயின் ஒரு காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் அது அறுவை சிகிச்சை முடிந்த நாய். அந்த அடையாளத்தைப் பார்த்தவர்கள் பலர், அதன் பொருள் தெரிந்தவர்கள் குறைவு.

மீட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகங்களை ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள் மட்டும் என்று நினைப்பது தவறு. அவற்றைத் தாங்கி நிற்பது சொற்பச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் தொழிலாளர்கள். விடிந்ததும் கூண்டுகளைக் கழுவுபவர்கள், அண்டாவில் சோறும் கோழிக் கழிவும் வேகவைப்பவர்கள், வண்டியோட்டிகள், வலையோடு போய் நாய் பிடிப்பவர்கள், மருத்துவருக்குக் கைகொடுக்கும் கம்பவுண்டர்கள். இவர்கள் ஒருநாள் வராவிட்டால் காப்பகம் நாறிப்போகும். பரிசளிப்பு விழாவிலோ செய்திப் படத்திலோ இவர்கள் முகம் தெரிவதில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டு வரும் பெண்கள் ஆகியோர் தன்னார்வலர்களாக இவர்களோடு சேர்கிறார்கள்.

வேலைக்கு வருபவர் எவரானாலும் முதலில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய்களைத் தொட்டு வேலைசெய்பவர் கடிபடும் முன்பே ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். பிறகு கடிபட்டால் இரண்டு ஊசி கூடுதலாகப் போட்டால் போதும், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் ஊசி தேவைப்படாது. நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் மனிதருக்கும் நாய்க்கும் சிகிச்சை கிடையாது. ஆகவே சந்தேகப்படும் நாயைத் தனிக்கூண்டில் வைத்துக் கண்காணிப்பார்கள். வெறிநோய் கண்ட நாய் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். அந்தக் கூண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவரின் தைரியம் சாதாரணமானதல்ல.

மற்ற நாய்களின் நோய்களும் பெரும்பாலும் தெரிந்தவையே. புழு வைத்த புண்ணில் ஒவ்வொரு புழுவாக இடுக்கியால் எடுத்து, மருந்து வைத்து, அடுத்த நாளும் அதையே செய்ய வேண்டும். சொறி பிடித்து முடி கொட்டிய நாய்க்கு வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும். இனச்சேர்க்கையால் பரவும் ஒருவகைக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஒருமுறை சில வாரங்களுக்கு ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் குணமாகிவிடுகின்றன. குட்டிகளைக் கொண்டுபோவது பார்வோ வைரஸ். ரத்தப் பேதியோடு வந்த ஒரு குட்டியால் கூண்டு முழுவதும் தொற்றிவிடும், அந்தக் கிருமி தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருவில் தாயோடு இருக்கும் குட்டிகளை ‘பாவம்’ என்று அள்ளிக்கொண்டு வந்து காப்பகத்தில் விடுகிறவர்கள், நல்ல எண்ணத்தாலேயே அவற்றை ஆபத்தில் தள்ளுகிறார்கள். அடிபடாத குட்டி தாயிடம் இருப்பதுதான் நல்லது.

‘இங்க ஒரு நாய் அடிபட்டுக் கிடக்குது, வண்டி அனுப்புங்க’ என்று போன் வரும். அனுப்ப ஒரே வண்டிதான் இருக்கும், அதுவும் அப்போது நகரின் மறுகோடியில் நிற்கும். வேறு வழியில்லாமல் ‘முடியாது’ என்று சொன்னால் கோபப்படுகிறவர்கள் உண்டு, திட்டுகிறவர்களும் உண்டு. மீட்புக்காரர்களுக்கு இரக்கமில்லை என்று சமூக வலைத்தளத்தில் எழுதிவிடுவார்கள். நிறைந்த காப்பகத்தில் இன்னொரு நாயைத் திணிப்பது, உள்ளே ஏற்கெனவே நோயோடு இருக்கும் நாய்களுக்குச் செய்யும் கெடுதல். அந்த மறுப்பைச் சொல்லத் தெரிந்தவர்களால்தான் ஒரு காப்பகம் நீடித்து நிற்கிறது. சொல்ல முடியாதவர்கள் வாடகை வீட்டில் முப்பது, நாற்பது நாய்களோடு மாட்டிக்கொள்கிறார்கள். மருந்துக்கடையில் கடன் ஏறுகிறது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், உறவு முறிகிறது. நாய்களின் நிலையும் அங்கே நன்றாக இருப்பதில்லை.

பணத்துக்கு இவர்கள் படும் பாடு தனி. கால் நொறுங்கிய குட்டியின் படத்தைப் போட்டால் கூகுள் பே-யில் நன்கொடை வந்துவிடும். நூறு நாய்க்கு ரேபிஸ் ஊசி என்று கேட்டால் வராது. போலிக் கணக்கு தொடங்கி அடுத்தவர் எடுத்த படத்தைக் காட்டிப் பணம் கறப்பவர்களும் இருப்பதால், நேர்மையாக நடத்துபவர்கள் ஒவ்வொரு மருத்துவ ரசீதையும் வெளியிட வேண்டியிருக்கிறது. இது நல்ல பழக்கம்தான். நன்கொடை தருபவரும் ரசீது கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை குறைந்த செலவில் பார்ப்பதால்தான் தனியாக மீட்பவர்கள் பலரால் சமாளிக்க முடிகிறது.

நாய்க்கடி பற்றிய பயம் நியாயமானது. உலகில் ரேபிஸால் இறப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இறப்பவர்களில் குழந்தைகள் நிறையப் பேர். கடிபட்ட குழந்தையின் தாயிடம் போய் நாயின் உரிமையைப் பேச எவருக்கும் தகுதியில்லை. இந்தப் பயம்தான் 2025-இல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. ஆகஸ்ட் 11-இல் டெல்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன நீதிமன்றம், ஆகஸ்ட் 22-இல் அதைத் திருத்தியது. வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. உணவிடத் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற உத்தரவிட்டது. எல்லா நாயையும் அடைப்பதற்கான இடமும் ஆளும் எந்த ஊரிலும் இல்லை என்பது காப்பகம் நடத்துபவர்களுக்குத் தெரியும்.

அடைக்காமலேயே ரேபிஸைக் கட்டுப்படுத்த வழி இருக்கிறது என்பதற்குக் கோவா சாட்சி. அங்கே அரசும் மிஷன் ரேபிஸ் அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் வீதி வீதியாக வலையோடு போனார்கள். பிடித்த நாய்க்கு ஊசி போட்டு, அடையாளச் சாயம் தடவி, கைபேசிச் செயலியில் பதிந்து, அங்கேயே விட்டார்கள். ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். 2021-இல் கோவா ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னையில் 2024-இல் எடுத்த கணக்கெடுப்பு சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகச் சொன்னது. அவற்றில் கருத்தடை முடிந்தவை ஏறத்தாழ 27 சதவீதம். கருத்தடை முறையைத் தொடங்கி வைத்த ஊருக்கு இது போதாது. கருத்தடை தொடர்ந்து வேகமாக நடக்க வேண்டிய வேலை. இடையில் விட்டால் முன்பு செய்ததும் இரண்டு மூன்று ஆண்டில் கரைந்துபோகும்.

வேகத்தைக் கூட்ட வலை மட்டும் போதாது. வண்டியைக் கண்டதும் ஓடி ஒளியும் நாயைக் கூப்பிட்டு நிறுத்த முடிந்தவர் தினமும் அதற்குச் சோறு வைப்பவர்தான். எந்தப் பெண் நாய் இன்னும் காது வெட்டாமல் திரிகிறது, எது சினையாக இருக்கிறது, எந்தக் குட்டிக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். சோறு போடுவதோடு நின்றுவிடும் அன்பு, தெருவில் அடுத்த ஈற்றுக்குத்தான் தீனி போடுகிறது என்று மீட்புக்காரர்கள் சொல்லும்போது சிலருக்குக் கசக்கிறது. அவர்கள் சொல்வது சரி. சோறு போடுபவர் மாநகராட்சிக்கோ அமைப்புக்கோ தகவல் சொல்லி, பிடிக்கும் நாளில் கூடவே நின்று, திரும்பி வரும் நாய் அதே தெருவில்தான் இறக்கிவிடப்பட்டதா என்று பார்த்து, அடுத்த ஆண்டு ஊசிக்கும் அதை நிறுத்திக்கொடுத்தால், ஒரு தெருவின் நாய்க் கணக்கு கட்டுக்குள் வந்துவிடும்.