வலிக்காமலே கரையும் எலும்பு: தெரியுமா உங்களுக்கு?

விடியும் முன்பே ஜீப் ஏறி, கம்பம் மெட்டும் போடி மெட்டும் கடந்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்களே தேனி மாவட்டப் பெண்கள், அவர்களைத் தாங்கும் எலும்புக்குள் எத்தனை அதிசயம் தெரியுமா?

எலும்பு புதிதாகிக்கொண்டே இருக்கிறது, தெரியுமா?
பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல், புதிதாகக் கட்ட இன்னொரு வகை! சுமார் 10 ஆண்டுகளில் எலும்புக்கூடே புதிதாகிவிடும். 30 வயதை ஒட்டி அடர்த்தி உச்சம் தொடும். பிறகு கட்டுவதைவிடக் கரைவது கூடும். மாதவிடாய் நின்றபின் 5 முதல் 7 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை கரைந்துவிடலாம்!

இவ்வளவு கரைந்தும் வலிக்காது, தெரியுமா?
முழங்கால் வலி பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம். எலும்பு கரைந்து மெலியும் எலும்புப்புரை வேறு நோய். எலும்பு முறியும்வரை அது சத்தமே போடாது! முறிந்த பிறகும்கூட, முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு கண்டுபிடிக்கப்படாமலே போகின்றன. உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருக்கிறதா? கூன் விழுகிறதா? அது முதுகெலும்பு முறிவாக இருக்கலாம்; 'வயசாச்சு' என்று விட்டுவிடாதீர்கள்!

இரண்டு கதிர்கள் எலும்பை அளக்கும், தெரியுமா?
சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிவு தெரிவதற்குள் 30 சதவீதமாவது போயிருக்கும். டெக்ஸா ஸ்கேன் அதற்கு முன்பே பிடித்துவிடும்! வெவ்வேறு ஆற்றலுள்ள இரண்டு எக்ஸ்ரே கதிர்கள் பாயும். சதை தடுத்ததைக் கணினி கழித்துவிட்டு, எலும்பு தடுத்ததை மட்டும் கணக்கிடும். ஊசி இல்லை, குகை போன்ற கருவிக்குள் நுழைய வேண்டியதில்லை. கால் மணி நேரம் படுத்தால் போதும்! படும் கதிர்வீச்சோ, இயற்கையில் ஓரிரு நாளில் நம்மீது படும் அளவுதான்.

எழுபது வயதுப் பாட்டிக்கு இருபது வயதுப் பெண்ணோடு ஒப்பீடு, தெரியுமா?
டெக்ஸா அளந்த அடர்த்தியை அப்படி ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர்! உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கணக்கு இது. மைனஸ் 1 வரை நலம்; மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5, அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை.

ஸ்கேன் இல்லாமலும் நோய் உறுதியாகும், தெரியுமா?
நின்ற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், டி-ஸ்கோர் எதுவானாலும் அது எலும்புப்புரைதான்! ஸ்கேனும் சில நேரம் ஏமாறும்: வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் முளைக்கும் எலும்பு, அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டிவிடும். அதனால்தான் இடுப்பையும் சேர்த்து அளக்கிறார்கள். முகாம்களில் குதிகாலை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் எச்சரிக்கை மட்டுமே. அதை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது.

வேலூரில் வெளிவந்த உண்மை தெரியுமா?
வேலூர் சிஎம்சி மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற 150 பெண்களைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருந்த அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எலும்புப்புரை! வெயில் கொளுத்தும் ஊரிலும் பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை! தேனிப் பெண்கள் போகும் தோட்டத்திலோ ஏலச்செடி வளர்வது மர நிழலில். அங்கே முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்பவர் மீது வைட்டமின் டி தரும் வெயில் எவ்வளவு படும்?

சுமையும் கேப்பையும் மருந்து, தெரியுமா?
விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்கள் மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் இடுப்பெலும்பு அடர்த்தியை இழக்கிறார்கள்! அதனால் உடல் எடையைச் சுமக்கும் நடையும் மேடேறுவதும் எலும்புக்கு உரம். 100 கிராம் கேப்பையில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 1,000. கேப்பைக்களியோடு மோர், எள்ளுருண்டை, கீரையும் சேரட்டும்!

எலும்புப்புரைக்கு மருந்து உண்டு, தெரியுமா?
வாரம் ஒரு மாத்திரையோ ஆண்டுக்கு ஓர் ஊசியோ போதும் என்கிற அளவுக்கு மருந்துகள் வந்துவிட்டன! 65 தாண்டிய பெண்கள், 70 தாண்டிய ஆண்கள், 45 வயதுக்குமுன் மாதவிடாய் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், 50-க்குப் பிறகு லேசாக விழுந்தே எலும்பு முறிந்தவர்கள்... இவர்களில் யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, "டெக்ஸா ஸ்கேன் எடுக்கணுமா?" என்று கேளுங்கள். முறிவதற்கு முன்பே கேளுங்கள்!