போத்தலில் ஒரு வட்டம்

பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் மென்பானப் போத்தலில் உள்ள வர்ண வட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் இது கட்டாயம். 100 மில்லி லீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். அதற்கும் குறைந்தால் பச்சை. எழுத்தறியாத தாய்க்கும் விளங்கக்கூடிய நல்ல ஏற்பாடு.

ஆனால் மஞ்சளைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். 10 கிராம் உள்ளதும் மஞ்சள்தான்! 400 மில்லி லீற்றர் போத்தலானால் 40 கிராம், அதாவது சுமார் பத்துத் தேக்கரண்டி சீனி. பெரியவருக்கே நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோன்பு திறக்க நாம் கரைக்கும் சர்பத்துக்கோ எந்த வட்டமும் இல்லை.

2017 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் மென்பானச் சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. வரி வேண்டியதுதான். ஆனால் சோடா விலை ஏறியதால் மட்டும் கூலித் தொழிலாளியின் வீட்டுக்கு முட்டை வந்துவிடுமா? அந்த வரிப்பணம் முட்டையையும் பயறையும் மலிவாக்கச் செலவானால் ஏழைத்தாய் நன்றி சொல்வாள்.

நல்லதைக் கையில் கொடுக்கும் வழி நமக்குப் புதிதல்ல. சோளமும் சோயாவும் கலந்த திரிபோஷ 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. அந்தப் பக்கற்றை முழு வீடும் பங்கிட்டு உண்பதும் உண்டு. பசித்த வீட்டில் யாரைக் குறைசொல்வது? உங்கள் குழந்தையின் எடை குறைந்திருந்தால், வெட்கப்படாமல் கிளினிக்கில் மருத்துவ மாதுவிடம் கேளுங்கள்.