மாத்திரைக்கு யார் காசு? பெருங்குடியில் நாலு பேர், நாலு காப்பீடு

(ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

இன்னிக்கு மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசப் போறோம். எந்த பாலிசி வாங்கலாம், எது மலிவு என்ற பேச்சு நிறைய இடத்துல கிடைக்குது, அதனால அதுக்குள்ள போகல. நாம எடுத்துக்கிற கேள்வி வேற. கையில ஒரு கார்டு இருக்கு. உடம்பு சரியில்லாதப்போ அந்தக் கார்டு நம்மை நிஜமாவே டாக்டர்கிட்ட கொண்டு போய்ச் சேர்க்குதா? எந்த இடம் வரைக்கும் சேர்க்குது, எந்த இடத்துல நின்னுடுது?

இதுக்குப் பெருங்குடியை எடுத்துக்குவோம். 2011ல் சென்னை மாநகராட்சியோட சேர்ந்த பகுதி. ஓஎம்ஆர் ஓரமா ஐடி கம்பெனிகள், பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள். மேற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் குப்பைக் கிடங்கும். தெற்கே போனா கண்ணகி நகர். நகரத்துக்குள்ள இருந்த குடியிருப்புகளை எடுத்து 2000க்குப் பிறகு கொண்டு வந்து குடிவைச்ச இடம்.

இங்கே ஒரு அலுவலகக் கட்டடத்தைக் கற்பனை பண்ணிக்குங்க. அதுல தினமும் வந்து போற நாலு பேர்: ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியர், வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி, கண்ணகி நகர்லேர்ந்து வந்து தரை துடைக்கிற அம்மா, ஒரு சின்ன டிராவல்ஸில் கார் ஓட்டுற டிரைவர். நாலு பேருக்கும் 45 வயசு. நாலு பேருக்கும் சர்க்கரை.

ஏன் சர்க்கரையை எடுக்கிறேன்னா, அது பல வருஷம் நம்மைப் படுக்க வைக்காத நோய். தினமும் மாத்திரை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணையும் காலையும் பார்க்கணும். இதெல்லாம் ஒழுங்கா நடந்தா வேலையும் நடக்கும், வாழ்க்கையும் நடக்கும். நடக்கலைன்னா ஒருநாள் காலில் ஆறாத புண், இல்லைன்னா சிறுநீரகம், இல்லைன்னா இதயம். அப்போதான் ஆஸ்பத்திரியில் படுக்கை தேவைப்படும். நம்ம ஊர்க் காப்பீடு பெரும்பாலும் அந்தப் படுக்கைக்கு மட்டும்தான் பணம் தருது. இதை மனசுல வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா பார்ப்போம்.

என்ஜினியர்: கம்பெனி தரும் குரூப் பாலிசி

இவருக்குக் கம்பெனியே குழு காப்பீடு எடுத்திருக்கும். பெரும்பாலான கம்பெனி பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே பணம் உண்டு. அட்மிட் ஆனா கார்டைக் காட்டி கேஷ்லெஸ். ஆனா மாசாமாசம் வாங்குற மாத்திரையும் டாக்டர் ஃபீஸும் பெரும்பாலும் சொந்தக் காசுதான். இவரால் அதைக் கொடுக்க முடியும் என்பதால் ஓட்டை தெரியாது.

இவரோட ஆபத்து வேற இடத்துல இருக்கு. வேலை போனா பாலிசியும் போயிடும். 45 வயசுல, சர்க்கரையோட புதுசா ஒரு பாலிசி வாங்கினா, அந்தச் சர்க்கரை சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024க்கு முன்னாடி இது 48 மாதமா இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்தான் குறைச்சது. அதனால வேலையை விடுறதுக்கு முன்னாடியே, அதே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனிநபர் பாலிசிக்கு மாற விரும்புறேன்னு எழுதிக் கேட்கலாம். குழு பாலிசியில் இருந்த வருஷங்களைக் காத்திருப்புக் கணக்கில் சேர்த்துக்க விதி இருக்கு. வேலை போன பிறகு கேட்டா கஷ்டம்.

செக்யூரிட்டி: இஎஸ்ஐ

நாலு பேரில் காகிதத்துல மிக நல்ல பாதுகாப்பு யாருக்குன்னு கேட்டா, பலர் என்ஜினியரைச் சொல்வாங்க. இல்லை, செக்யூரிட்டிக்குத்தான்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளிக்கு இஎஸ்ஐ. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளி தரணும், 3.25 சதவீதம் முதலாளி தரணும். 16,000 ரூபாய் சம்பளம்னா இவர் கையிலிருந்து போறது 120 ரூபாய், கம்பெனி போடுறது 520 ரூபாய். இதுக்கு இவருக்கும் குடும்பத்துக்கும் வெளிநோயாளி சிகிச்சை, மாத்திரை, பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. அதோட, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னா, வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். கூலி போயிடுமேன்னு காய்ச்சலோட வேலைக்குப் போற மனுஷனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. தனியார் மருத்துவ பாலிசிகளில் பொதுவா இந்தச் சம்பளப் பகுதி கிடையாது.

அப்புறம் ஏன் இஎஸ்ஐன்னா முகம் சுளிக்கிறாங்க? தூரமும் நேரமும்தான் காரணம். பெரிய இஎஸ்ஐ ஆஸ்பத்திரி கே.கே. நகரில் இருக்கு. பெருங்குடியிலிருந்து பஸ் மாறிப் போய், வரிசையில் நின்னு, மாத்திரை வாங்கித் திரும்பினா ஒருநாள் போயிடும். 12 மணி நேர ஷிஃப்ட்டில் நிக்கிறவருக்கு அந்த ஒருநாள் எங்கே கிடைக்கும்? உரிமை இருக்கு, ஆனா போய்ச் சேர நேரம் இல்லை. கடைசியில் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பத்து மாத்திரை சொந்தக் காசில் வாங்குவார்.

இன்னொரு விஷயம். ஒப்பந்த நிறுவனம் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடிச்சதாலேயே அதைக் கட்டிட்டாங்கன்னு அர்த்தம் ஆகாது. தொழிலாளியின் இஎஸ்ஐ எண்ணை வச்சு, உமாங் செயலியில் பணம் கட்டப்பட்டிருக்கான்னு பார்க்கலாம். உங்க கட்டடத்து செக்யூரிட்டி அண்ணனுக்கு இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

தரை துடைக்கும் அம்மா: முதல்வர் காப்பீடு

முறையான ஒப்பந்தம் இல்லாம, கைக்கூலியா வேலை பார்க்கிறவங்கன்னு வச்சுக்குவோம். இஎஸ்ஐ இல்லை. இவங்ககிட்ட இருக்கிறது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை.

இந்தத் திட்டத்தோட வரலாறு சுருக்கமா: 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது மாற்றப்பட்டு இப்போதைய பெயரில் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட இணைந்தது. இப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அரசு ஆஸ்பத்திரியிலும், பட்டியலில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் பயன்படுத்தலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும்.

இதயத்தில் அடைப்பு, புற்றுநோய், டயாலிசிஸ் மாதிரி பெரிய விஷயங்களுக்கு இந்த அட்டை உண்மையிலேயே குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாத்தியிருக்கு. ஆனா தினசரி சர்க்கரை மாத்திரைக்கு இது கிடையாது.

அப்போ இவங்க மாத்திரைக்கு என்ன வழி? காப்பீட்டுக்கு வெளியே இருக்கு வழி. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 1994ல் தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புது. 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருது. காப்பீடு விட்டுட்டுப் போன பள்ளத்தை நம்ம மாநிலத்தில் அரசு மருத்துவ அமைப்பு நிரப்புது. காப்பீட்டு அட்டை கொடுத்தாச்சு, இனி ஆரம்ப சுகாதார நிலையம் எதுக்குன்னு யாராவது கேட்டா, இவங்க காலைத்தான் உதாரணமா காட்டணும். புண் வராம காலைக் காப்பாத்துறது அந்தச் சுகாதார நிலையம். புண் வந்து அறுவை சிகிச்சைன்னு ஆன பிறகு வர்றது அட்டை.

டிரைவர்: நடுவில் விழுந்தவர்

டிரைவருக்குச் சம்பளம் 24,000 ரூபாய். இஎஸ்ஐ வரம்பு 21,000. அதைத் தாண்டிட்டார். முதல்வர் காப்பீட்டுக்கு மாசம் 10,000 ரூபாய் குடும்ப வருமானம்தான் வரம்பு. அதையும் தாண்டிட்டார். சின்ன டிராவல்ஸ், குரூப் பாலிசி இல்லை. ஏழைன்னு அரசுப் பதிவேட்டில் வரமாட்டார், பணக்காரர்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

நிதி ஆயோக் 2021 அக்டோபரில் இவரை மாதிரி ஆட்களைப் பற்றியே ஒரு அறிக்கை போட்டது. காப்பீட்டில் விடுபட்ட நடுத்தட்டுன்னு அதுக்குப் பேர். நாட்டு மக்களில் சுமார் 30 சதவீதம், 40 கோடிப் பேர் எந்தப் பாதுகாப்பும் இல்லாம இருக்காங்கன்னு அது கணக்குச் சொன்னது.

இவருக்குச் சம்பளம் 20,500லிருந்து 22,000 ஆனப்போ வீட்டுல எல்லாரும் சந்தோஷப்பட்டிருப்பாங்க. அந்த உயர்வுக்குப் பிறகு, நடப்பு இஎஸ்ஐ பங்களிப்புக் காலம் முடிஞ்சு, கொஞ்ச காலத்தில் குடும்பத்தோட மருத்துவப் பாதுகாப்பு நின்னுருக்கும். 1,500 ரூபாய் கூடி வந்தப்போ போனது என்னன்னு அப்போ யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க.

இவருக்கு மூணு விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஒண்ணு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போக எந்த அட்டையும் வேண்டாம். ராயப்பேட்டை, ஓமந்தூரார், 2023 ஜூனில் கிண்டியில் திறந்த 1,000 படுக்கை கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை எல்லாம் இவருக்கும்தான். ரெண்டு, சாலை விபத்துன்னா 2021 டிசம்பரில் வந்த நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமானச் சான்று கேட்க மாட்டாங்க. மூணு, தனியா பாலிசி எடுக்கிறதா இருந்தா சர்க்கரை இருக்குன்னு விண்ணப்பத்திலேயே எழுதிடணும். மறைச்சு வாங்கின பாலிசி, தேவைப்படுற அன்னிக்குக் கைவிட்டுடும். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22லிருந்து இல்லை என்பது ஒரு சின்ன ஆறுதல்.

காப்பீடு இருந்தா ஆரோக்கியம் கூடுமா?

இதை அளந்து பார்த்திருக்காங்க. 2008ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவு, கேட்டவங்க அதிகம். அதனால குலுக்கல் போட்டாங்க. சீட்டு விழுந்தவங்களையும் விழாதவங்களையும் சுமார் ரெண்டு வருஷம் கழிச்சு ஒப்பிட்டாங்க. ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஆனா சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடிச்சு மாத்திரை ஆரம்பிச்சவங்க அதிகம். மனச்சோர்வு சுமார் 30 சதவீதம் குறைஞ்சிருந்தது. குடும்பத்தைக் கவிழ்க்கும் அளவு மருத்துவச் செலவு ஏறக்குறைய காணாம போயிருந்தது. நாளைக்கு ஏதாவது ஆனா என்ன பண்றதுன்னு ராத்திரி முழிச்சுக் கிடக்கிறது குறைஞ்சாலே அது ஆரோக்கியம்தானே.

பக்கத்துல கர்நாடகாவிலும் பார்த்தாங்க. 2010ல் ஏழைக் குடும்பங்களுக்கான காப்பீடு முதலில் வட மாவட்டங்களில் மட்டும் வந்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த கிராமங்களை ஒப்பிட்டப்போ, திட்டம் இருந்த பக்கம், அதில் அடங்கிய நோய்களால் வரும் சாவு குறைவா இருந்தது. அங்கே ஆஸ்பத்திரிகள் கிராமத்துக்கே போய் முகாம் போட்டு நோயாளிகளைக் கண்டுபிடிச்சாங்க என்பதைக் கவனிக்கணும். அட்டையோட சேர்த்து, தேடி வர்ற ஆளும் இருந்தாங்க.

நாட்டளவில் நிலைமை மெல்ல மாறிட்டு வருது. மருத்துவத்துக்கு ஆகும் ஒவ்வொரு 100 ரூபாயில் மக்கள் நேரடியா கையிலிருந்து கொடுத்தது 2014-15ல் 62 ரூபாய் 60 காசு. 2021-22ல் 39 ரூபாய் 40 காசு.

பாலிசி இருக்கிறவங்க கவனிக்க

ரூம் வாடகை வரம்பைப் பாருங்க. வரம்பு ஒருநாளைக்கு 5,000 ரூபாய் இருக்கும்போது 10,000 ரூபாய் ரூம் எடுத்தா, ரூம் வித்தியாசத்தோட அது நிக்காது. பல பாலிசிகளில் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணத்திலும் பாதிதான் தருவாங்க. அந்தக் கட்டணங்கள் 1 லட்சம்னா 50,000 உங்க கையிலிருந்து போகும்.

கேஷ்லெஸ் அனுமதிக்கு 1 மணி நேரத்தில் பதில் தரணும், டிஸ்சார்ஜ் அனுமதியை 3 மணி நேரத்தில் தரணும்னு 2024 மே மாத விதி சொல்லுது. சாயங்காலம் வரை கட்டிலில் உட்கார வைச்சா, இந்த விதியைச் சொல்லிக் கேளுங்க.

க்ளெய்மை மறுத்தா முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலமா புகார். ஒரு மாசத்தில் பதில் இல்லைன்னாலோ, பதில் சரியில்லைன்னாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்குவாங்க. மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

கடைசியா ஒரு வேலை. இந்த வாரம் உங்க வீட்டுல ஒரு தாளில் எழுதுங்க: அட்மிட் ஆனா யார் பணம் தருவாங்க? மாசாந்திர மாத்திரைக்கு யார் தர்றாங்க? வேலை போனா இதில் எது நிக்கும்? படுத்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா? அப்புறம் உங்க வீட்டுல வேலை செய்றவங்களுக்கும் இதே நாலு கேள்வியைக் கேட்டுப் பாருங்க. முதல்வர் காப்பீட்டுக்குத் தகுதி இருந்தும் வருமானச் சான்று வாங்க அலையணுமேன்னு பதியாம விட்டவங்க இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க அவங்களுக்கு ஒரு அரைநாள் லீவு தேவைப்படும். சம்பளம் பிடிக்காம அதைக் கொடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.