வளைந்து செல்லும் வாள்

ஈழத்துத் தமிழில் வாள் என்னும் ஒரு சொல்லே போர்வீரன் கருவிக்கும் தச்சன் கருவிக்கும் பெயராய் வழங்குகிறது. வீரன் வாளைப் பாடிய புலவர் பலர். எனினும் அறுக்கும் வாளும் சங்கத்தார் கண்ணுக்குத் தப்பவில்லை. அகநானூற்றின் 24-ஆம் பாட்டில், வாளரத்தால் வளையறுத்தபின் எஞ்சிய சங்கின் நுனியைப் பகன்றை அரும்புக்கு உவமையாக்கினார் ஆவூர் மூலங்கிழார். ஆதலின் தச்சனது சிறுவாளைப் பற்றி எழுதுதல் தமிழுக்குப் புறம்பான செயலன்று.

பெருவாள் நேரே செல்வது. அதன் அகன்ற அலகு தான் அறுத்த தடத்தின் இருபுறமும் உராய்வதால், திருப்பினும் திரும்பாது. வளைவு வேண்டின் அலகு குறுகவேண்டும். பலகையின் நடுவே துளை வேண்டுவோர், துரப்பணத்தால் முதலில் ஒரு சிறு துளையிட்டு, நுனி குறுகிய சிறுவாளை அதனுட் செலுத்தி அறுப்பர். பூவும் கொடியும் வெட்டுதற்கு அதுவும் தடிப்பாகும். அதற்கென நூல் போன்ற அலகொன்றைத் துளையிற் கோத்து, வில்போன்ற சட்டத்தில் இழுத்துப் பூட்டுவர். அவ்விழுப்பே மெல்லிய அலகை நிமிர்த்தி நிறுத்துகிறது. விரைந்து தள்ளினால் அலகு முறியும். வளைவில் அறுத்தவாறே மெல்லத் திருப்பல் வேண்டும்.

நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் உள்ள பழைய பங்களாக்கள் சிலவற்றின் இறவாரத்தை அண்ணாந்து நோக்குக. விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலேயர் விரும்பிய துளைவேலைப்பாடு அங்கே அணிசெய்யும். 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை வரலாறு பெயரோடு போற்றுகிறது. இறவாரத்திற் பூ அறுத்த தச்சரின் பெயரோ எந்தப் பலகையிலும் இல்லை. சற்றுத் தொலைவில் நிற்கும் லயத்தின் தகரக்கூரையில் அவ்வணியும் இல்லை.

மலைநாட்டுப் பிள்ளைகள் கவ்வாத்துக் கத்தியைப் பெயரோடு அறிவர். இச்சிறுவாளைக் காட்டினால் பெயர் தெரியாது விழிப்பர். தோட்டம் அவர்தம் முன்னோர் கையிற் கொடுத்தது கத்தியையே. பெயர் அறியாத கருவியைக் கேட்டு வாங்கவும் இயலாதன்றோ? நடுவே துளைப்பதைத் துளைவாள் என்றும், சட்டத்திற் பூட்டுவதை நூல்வாள் என்றும் வகுப்பறையில் வழங்குவோமாக. பெயரைச் சொல்லுமிடத்தே ஒரு துண்டுப் பலகையையும் கொடுப்போமாக.

லயம் நீங்கித் தனிவீடு எழும் இக்காலத்தில், அவ்வீட்டு வாயிலுக்கும் ஒரு பூ வேண்டும். அதனை அறுக்கும் கை அவ்வீட்டுப் பிள்ளையின் கையாகவே இருத்தல் நன்று.