அரிக்கமேட்டில் ஒரு குருமடம்

காலாப்பட்டுக் கரையில் வாழ்வோருக்குக் கடல் என்றால் அலை மோதும் திறந்த மணல்வெளிதான்; பெருங்கலம் ஒதுங்க அங்கு இடமில்லை. புதுவை நகரைக் கடந்து தெற்கே சென்றால் நிலத்தின் அமைப்பே மாறுகிறது. செஞ்சியாறு கடலை அணுகுமுன் சுண்ணாம்பாறு, அரியாங்குப்பத்து ஆறு என இரு கிளைகளாகப் பிரிகிறது. பின்னது வளைந்து செல்லும் இடத்தில், அலையின் சீற்றம் எட்டாத அமைதியான நீர்ப்பரப்பு உண்டு. அதன் கரையில், வீராம்பட்டினத்தை அடுத்து உயர்ந்து நிற்பதே அரிக்கமேடு.

கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் குறித்து வைத்த ‘பொதுகே’ துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலரின் கருத்து. 1937-ல் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இங்கே தலையுருவம் செதுக்கிய மணிக்கல் ஒன்றைக் கண்டார். 1945-ல் வீலர் என்பார் அகழ்ந்தபோது, இத்தாலிய மட்கலங்களும், திராட்சை இரசம் வந்திறங்கிய சாடிகளின் உடைந்த ஓடுகளும் கிடைத்தன. 1989 முதல் 1992 வரை நடந்த ஆய்வோ, ரோமர் வருமுன்பே இங்கு ஊர் இருந்ததெனக் காட்டிற்று.

இவை பாடநூல்களிலும் இடம் பெற்றுவிட்டன. ஆனால், அதே மேட்டில் நிற்கும் பழைய செங்கற் சுவர்கள் யாருடையவை என்று கேட்டால், நம் கத்தோலிக்க இல்லங்களிலேயே பலர் விழிப்பர். அவை ரோமர் கட்டியவை அல்ல. நம் திருச்சபையின் குருமடச் சுவர்கள்!

சீயம் நாட்டில் பாரிஸ் வேதபோதக சபையார் 1665-ல் நிறுவிய குருமடம், பர்மியர் படையெடுப்பால் அழிந்தது. கொச்சின்சீனாவின் எல்லையில் மீண்டும் தொடங்கியபோதும் கலகம் விடவில்லை. குருவானவர் பீஞோ தெ பெஹேன் தம் மாணவர்களுடன் மலாக்கா வழியாகத் தப்பி, 1770-ல் புதுவை வந்து சேர்ந்தார். வீராம்பட்டினத்தில் குருமடம் மூன்றாம் முறையாக எழுந்தது. கீழ்த்திசை நாடுகளின் இளைஞர்கள் நம் ஆற்றங்கரைத் தோப்பில் இலத்தீன் பயின்றனர். அவர்களது துணையோடு பீஞோ அடிகள் அன்னாமிய–இலத்தீன் அகராதி ஒன்றை இங்கிருந்தே உருவாக்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு தாபேர் ஆயர் வெளியிட்ட அகராதி 1838-ல் வங்காளத்துச் செராம்பூரில் அச்சேறியது. அடிகளார் 1774 பிப்ரவரி 24-ல் மயிலைச் சாந்தோமில் ஆயராக அபிஷேகம் பெற்றார்.

1780-களின் தொடக்கத்தில் குருமடம் இங்கே மூடப்பட்டது. 1808-ல் பினாங்குத் தீவில் மீண்டும் திறக்கப்பெற்று, இன்றும் குருக்களை உருவாக்கி வருகிறது. நாட்டை இழந்து வந்த மாணவர்களுக்குப் புகலிடம் தந்த பெருமை நம் கடற்கரைக்கு உரியது. அதை நாமே மறந்தால் வேறு யார் நினைப்பார்?

ஆற்று நீர் மேட்டின் கரையை நெடுங்காலமாக அரித்து வந்திருக்கிறது. மனிதர் கையும் சும்மா இருந்ததில்லை. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுவை வந்து, 1769-ல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு வானநூலார் லெ ழாந்தீல், ஊரார் இங்கே பழஞ்செங்கற்களைப் பெயர்த்து எடுத்ததைக் குறித்திருக்கிறார். இப்போது இவ்விடம் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம்.

அரியாங்குப்பம் ஆரோக்கிய அன்னையின் ஆலயத்திற்குத் திருயாத்திரை செல்லும் குடும்பங்கள், பிள்ளைகளுடன் இன்னும் சற்றுத் தொலைவு நடந்து அச்சுவர்களையும் கண்டு வரலாம். வெயில் ஏறுமுன் செல்வது நலம்.