இல்லம் திரும்புமுன் இல்லத்தில் சில மாற்றங்கள்

நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாள் குறிக்கப்பட்டதும் குடும்பத்தார் எங்களிடம் கேட்பவை பெரும்பாலும் மருந்தையும் உணவையும் பற்றிய ஐயங்களே. வீட்டைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற மூதாட்டி ஒருவரை நினைவுகூர்கிறோம். தாயார் திரும்பி வரும் மகிழ்ச்சியில் மக்கள் முன்னறைக்கு வண்ணம் பூசி, புதிய திரைகளும் தொங்கவிட்டிருந்தனர். குளியலறை பழையபடியே இருந்தது. மூன்றாம் நாள் இரவு தடுமாறிய அவர் துண்டு போடும் கம்பியைப் பற்றினார். அது சுவரிலிருந்து கையோடு வந்துவிட்டது. நல்வாய்ப்பாக எலும்புக்குச் சேதமில்லை. ஆயினும் எழுந்து நிற்கவே அஞ்சிய அவரை மீண்டும் நடக்கவைக்கப் பல வாரங்கள் ஆயின.

ஆகவே, கையிலிருக்கும் பணம் சிறிதெனில், அதைப் படுக்கையிலிருந்து கழிப்பறை வரையுள்ள வழியில் முதலில் செலவிடுமாறு வேண்டுகிறோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு அவ்வழியே ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். காலில் இடறும் மிதியடியும் மின்கம்பியும் அப்போது தெரியும். அவற்றை அகற்றச் செலவே இல்லை.

கட்டிலில் அமர்ந்தால் பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். இடுப்பு அறுவை சிகிச்சை பெற்றவருக்கு முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. கட்டில் தாழ்வாயிருந்தால், கால்கள் பதிந்து நிற்கும்படி குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்து வாங்கலாம். செங்கற்களை அடுக்கி அதன்மேல் கட்டிலை நிறுத்துவது ஆபத்து. கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யுமாதலால், எழுவதற்குப் பெருந்தடை.

குளியலறையில் சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் கைப்பிடிக் கம்பி ஒன்றே. துண்டுக் கம்பி அதற்கு ஈடாகாது. உறிஞ்சி ஒட்டும் வகைப் பிடிகளையும் நம்ப வேண்டாம். ஓட்டையும் பூச்சையும் கடந்து செங்கல் வரை துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் பொருத்துவது பொதுவான அளவு. ஆயினும் நோயாளியின் உயரமே இறுதி அளவுகோல். குந்தும் கழிப்பறையை இடித்து மாற்ற வேண்டியதில்லை. நடுவில் துளையுள்ள, உறுதியான கழிப்பு நாற்காலியை அதன்மேல் வைத்தால் போதும். குளிக்கையில் வாளியைத் தரையில் வைக்காமல் முக்காலி மீது வையுங்கள், குனிய வேண்டியிராது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுவது நன்று. அவர் உள்ளே விழுந்தால் கதவை உடைக்கும் நிலை நேராது.

நிலைவாசற்படியை எடுக்கப் பல குடும்பங்கள் மனம் ஒப்புவதில்லை. அதை நாங்கள் வற்புறுத்துவதுமில்லை. சக்கர நாற்காலி செல்லச் சாய்வுப் பலகை போதும். ஒரு அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்பது கணக்கு. 6 அங்குலப் படிக்கு 6 அடிப் பலகை வேண்டும். நீளத்தைக் குறைத்தால் சரிவு செங்குத்தாகி, தள்ளுபவரின் முதுகே வருந்தும்.

கண்புரை உள்ளவருக்குச் சாம்பல் நிறப் படியும் சாம்பல் நிறத் தரையும் ஒன்றாகவே தோன்றும். படியின் விளிம்பில் மஞ்சள் நிற நாடா ஒட்டுங்கள். வழியில் சிறிய எல்இடி இரவு விளக்கு எரியட்டும்.

வண்ணம் பூசவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. நோயாளி வருவதற்குப் பல நாள் முன்பே முடித்து, நெடி நீங்கச் சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்க்கு அந்நெடி மூச்சை இறுக்கும். அழகு செய்ய விரும்பினால் படுத்திருப்பவரின் கண்ணில் எது படும் என்று பாருங்கள். முன்னறையில் மாட்டிய குடும்பப் படங்களைக் கட்டிலுக்கு எதிர்ச்சுவருக்கு மாற்றலாம். பழைய பருத்திப் புடவை நல்ல சன்னல் திரையாகும். பெரிய எழுத்து நாட்காட்டியும் கடிகாரமும், நாளும் பொழுதும் மறந்து குழம்பும் முதியோருக்கு உதவும்.

வாடகை வீடாயின், சுவரில் துளையிடுமுன் உரிமையாளரின் இசைவைப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டில், கழிப்பறை, வாசற்படி ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, உயர அளவுகளுடன் வீடு திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது இயன்முறை மருத்துவப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள். அளவு நாடா இல்லையெனில் அங்கேயே கேளுங்கள், இரவல் தருகிறோம்.