முப்பது மடங்கு சூம்: வாங்கும் முன் ஒரு நிமிடம்



பாடசாலைப் பரிசளிப்பு விழா. மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறார். மேடையில் அவரது மகள் கேடயம் வாங்குகிறாள். கட்டாரில் தொழில் புரியும் கணவர் அனுப்பிய சின்னஞ்சிறு டிஜிட்டல் கெமராவின் சூமை அவர் முழுவதாக நீட்ட, தூரத்து மேடை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது. பின்புறத் திரையில் படம் பளிச்சென்று தெரிகிறது. மனம் குளிர்ந்து வீடு திரும்புகிறார்.

இரண்டு நாள் கழித்து ஸ்டூடியோவில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. மகளின் முகத்தில் மணல் தூவியதுபோல் நிறப் புள்ளிகள். கண்ணிமையும் புருவமும் கரைந்து, மெழுகுப் பொம்மை போல ஒரு முகம்! கெமராக்களில் எனக்குச் சிறு பைத்தியம் உண்டென்பது எங்கள் பாடசாலையில் யாவரும் அறிந்தது. ஆகவே படத்தை என்னிடமே கொண்டுவந்தார். “மௌலவி, கெமராவில ஏதும் பழுதிருக்கா?”

பழுது எதுவுமில்லை. அந்தக் கெமரா தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. அதனால் எது இயலும், எது இயலாது என்பதைத்தான் பெட்டியின் மேல் யாரும் எழுதவில்லை.

டிஜிட்டல் கெமராவில் பிலிமின் இடத்தில் இருப்பது ஒளியை உணரும் ஒரு சிறு தகடு. ‘சென்சர்’ என்கிறார்கள். பழைய 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 36க்கு 24 மில்லிமீற்றர். சட்டைப் பையில் போடக்கூடிய நீண்ட சூம் கெமராக்களில் பெரும்பாலானவற்றில் உள்ள சென்சரோ ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீற்றர்தான்! உங்கள் சுண்டுவிரல் நகத்தைப் பாருங்கள், அதைவிடவும் சிறியது. பரப்பளவில் கணக்கிட்டால் அந்தப் பிலிமின் முப்பதில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு சிறிதாகச் செய்கிறார்கள்? சூமுக்காகத்தான். பனசொனிக் நிறுவனம் 2015இல் வெளியிட்ட டி.இஸட். 70 என்ற கெமராவை எடுத்துக்கொள்வோம். முப்பது மடங்கு சூம், பிலிம் கெமராக் கணக்கில் 24 முதல் 720 மில்லிமீற்றர் வரை. அந்த நீளத்தைப் பெரிய சென்சருக்குச் செய்யப் புறப்பட்டால் லென்ஸைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். சென்சர் சிறிதாக இருப்பதால் 129 மில்லிமீற்றர் லென்ஸே போதுமாகி, கெமரா கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வசதிக்கான விலையை நாம் வெளிச்சத்தில் செலுத்துகிறோம்.

மழை பெய்யும்போது முற்றத்தில் வரிசையாகச் சிரட்டைகளை வைத்துப் பாருங்கள். அடைமழையென்றால் எல்லாச் சிரட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் நிற்கும். சிறு தூறலென்றால் ஒன்றில் ஐந்து துளி, பக்கத்திலிருப்பதில் இரண்டு, மற்றொன்றில் ஏழு. ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் சென்சரின் இலட்சக்கணக்கான கண்களில் வந்து விழுகிறது. வெயிலில் எடுத்தால் எல்லாக் கண்களும் நிரம்பும். மங்கிய மண்டபத்தில் ஒன்றுக்கு அதிகம், ஒன்றுக்குக் குறைவு. ஒரே நிறமாக இருக்கவேண்டிய கன்னத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அந்த ஏற்றத்தாழ்வே. இதையே ‘நொய்ஸ்’, அதாவது இரைச்சல் என்கிறார்கள். காதுக்குக் கேட்காத, கண்ணுக்குத் தெரியும் இரைச்சல்!

சூமை நீட்டும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. மேலே சொன்ன கெமராவின் லென்ஸ், முழுச் சூமில் உள்ளே விடும் ஒளி சூம் இல்லாத நிலையில் விடுவதில் கால்வாசிதான். கை நடுக்கமும் சூமோடு சேர்ந்து பெருகும். எனவே கெமரா ஐ.எஸ்.ஓ. என்ற எண்ணைத் தானாகவே 1600, 3200 என்று ஏற்றி, கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒளியோடு இரைச்சலும் பெருகுகிறது. பிறகு புள்ளிகளை மறைக்கப் படத்தைப் பூசி மெழுகிவிடுகிறது. அந்தப் பூச்சில் அடிபட்டுப் போவது பிள்ளையின் இமை, முந்தானைச் சரிகை, சான்றிதழின் எழுத்து.

கடைக்காரரோ மெகாபிக்சல் கணக்கைத்தான் சொல்வார். அதே சிறு தகட்டை அதிகத் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு சிரட்டையும் சிறுக்குமே! இது உற்பத்தியாளர்களுக்கும் தெரியும். கெனன் நிறுவனம் 2008இல் ஜி 10 கெமராவில் 14.7 மெகாபிக்சல் வைத்து, அடுத்த ஆண்டு ஜி 11இல் அதை 10ஆகக் குறைத்தது. பனசொனிக்கும் 2014இன் டி.இஸட். 60இல் 18 வைத்து, டி.இஸட். 70இல் 12க்கு இறங்கியது. ஆனால் 2016இல் டி.இஸட். 80 வந்தபோது மறுபடியும் 18! பெரிய எண்தான் விலைபோகிறது போலும். தபாலட்டை அளவில், ஆறுக்கு நான்கு அங்குலத்தில், தெளிவான படம் அச்சிட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல் இருந்தாலே போதும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

ஆகவே சீட்டுக் காசில் கெமரா வாங்க நினைக்கும் சகோதரிகள் முதலில் கேட்கவேண்டியது சென்சரின் அளவையே. ‘ஓர் அங்குலம்’ எனப்படும் சென்சர் உண்மையில் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர்தான். பழைய தொலைக்காட்சிக் கெமராக் குழாய்களின் கணக்கில் வந்த பெயர் அது. ஆயினும் பரப்பளவில் நான்கு மடங்கு பெரிது. சொனி 2012இல் ஆர்.எக்ஸ். 100 என்ற சிறிய கெமராவில் இதை வைத்தது. பனசொனிக் 2016இல் டி.இஸட். 100இல் வைத்தபோது சூம் பத்து மடங்காகச் சுருங்கியது, விலையும் ஏறியது. பழைய கெமராக்களைத் தேடி வாங்கும் மோகம் இப்போது இளையவர்களிடம் பரவியிருப்பதால் பாவித்த கெமரா வாங்குவோருக்கும் இதைச் சொல்கிறேன்: கடையின் இருண்ட மூலையை முழுச் சூமில் எடுத்து, திரையில் நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள். சிறு திரையில் எந்தப் படமும் அழகுதான்.

கையில் ஏற்கனவே இத்தகைய கெமரா இருந்தால் வீசிவிடாதீர்கள். வெயிலில், தூரத்துப் பறவைக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அது அருமையானது. அங்கே சாதாரணத் தொலைபேசி அதற்கு ஈடாகாது. மண்டபத்துக்குள் மட்டும் சூமை மறந்து, கால்களால் முன்னே நடந்து செல்லுங்கள். நடக்க வழியில்லையா? தூணில் சாய்ந்துகொண்டு, ஐ.எஸ்.ஓ.வை 800க்கு மேல் போகவிடாமல் வைத்து, பிள்ளை அசையாமல் நிற்கும் கணத்தில் மூன்று நான்கு படம் எடுங்கள். ஒன்றாவது தேறும். அருகிலிருந்து எடுப்பதானால் இன்றைய நல்ல தொலைபேசிகள் பலவற்றின் சென்சர் இந்தக் கெமராக்களுடையதைவிடப் பெரியது. அதையே பாவியுங்கள்.

அந்தத் தாயிடம் மகளைக் கேடயத்தோடு காலை வெயிலில் விறாந்தையில் நிறுத்தி, சூம் இல்லாமல் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எடுத்தார், இமைகளை எண்ணலாம். ஆனாலும் மேடைப் படத்தை விட அவருக்கு மனமில்லை. அதைத் தபாலட்டை அளவில் அச்சிடச் செய்தோம். அந்த அளவில் புள்ளிகள் அவ்வளவாகக் கண்ணுக்குப் படவில்லை. இப்போது அவர்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடிக்குள் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.